வியன்னாவிலிருந்து வந்த களிம்பு

டெர்பினாஃபின் என்று சொன்னால் பலருக்குப் புரியாது. ஆனால் படர்தாமரைக்கு என்று மருந்துக் கடையில் வாங்கிய ட்யூபைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் அந்தப் பெயர் இருக்க வாய்ப்பு அதிகம். ஐரோப்பாவில் பிறந்து உலகமெங்கும் பேர் வாங்கிய மருந்து அது. இந்தியாவுக்கு வந்த சில பத்தாண்டுகளில் தன் பலத்தில் பெரும்பகுதியை இங்கேயே பறிகொடுத்துவிட்டது. எப்படிப் பறிகொடுத்தது என்று தெரிந்தால், மிச்சமிருப்பதை எப்படிக் காப்பாற்றுவது என்பதும் தெரிந்துவிடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டெர்பினாஃபினுக்கு முன்னோர்கள் உண்டு. குளக்கரையிலும் வேலியோரத்திலும் மஞ்சள் பூங்கொத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் சீமை அகத்தியை நம் பக்கத்தில் வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். அதன் இலையை அரைத்துப் படர்தாமரைக்குப் பற்றுப் போடுவது பழைய வழக்கம். சித்த மருந்துக் கடைகளில் சீமை அகத்திக் களிம்பு இன்றும் கிடைக்கிறது. அந்தச் செடியே அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து இங்கே வந்து சேர்ந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாயில் இதே நோய்க்கு 'கோவாப் பொடி' என்ற ஒன்று விற்றது. அது பிரேசில் மரம் ஒன்றின் பொடி. போர்ச்சுக்கீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்தது. நோய் கேட்டது, ஆனால் துணியெல்லாம் கறையானது, தோலும் எரிந்தது.

1907-இல் ஆர்தர் விட்ஃபீல்ட் என்ற லண்டன் தோல் மருத்துவர் எளிய சூத்திரம் ஒன்றைக் கொடுத்தார். பென்சாயிக் அமிலம் 6 சதவீதம், சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம், மிச்சமெல்லாம் மெழுகுக் களிம்பு. சாலிசிலிக் அமிலம் தோலின் மேலடுக்கை உரிக்கும். உரியும் தோலோடு பூஞ்சையும் போகும். பென்சாயிக் அமிலம் அதை வளரவிடாமல் அமுக்கும். 'விட்ஃபீல்ட் ஆயின்ட்மென்ட்' என்ற பெயர் நம் அரசு மருத்துவமனைச் சீட்டுகளில் பல தலைமுறையாக எழுதப்பட்டு வந்திருக்கிறது. நூறு ஆண்டுகளைக் கடந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம் பிடித்த மருந்து அது. மெதுவாகத்தான் வேலை செய்யும், கொஞ்சம் எரியும், ஆனால் மலிவு. இதை நான் மரியாதையோடு சொல்கிறேன். பின்னால் வந்த எத்தனையோ பளபளப்பான ட்யூப்கள் செய்த கேட்டை இந்தப் பழைய களிம்பு செய்ததில்லை.

பூஞ்சையைக் கொல்வது ஏன் கடினம் என்பதை ஆய்வகத்தில் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் விளங்கும். நோயாளியின் இடுப்பில் இருந்த வட்டத்தின் ஓரத்தை மழுங்கிய கத்தியால் லேசாகச் சுரண்டினார்கள். தவிடு போன்ற வெள்ளைச் செதில்கள் கண்ணாடிச் சில்லில் விழுந்தன. அதன் மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய மூடியை வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். தோல் செதில் கரைந்து தெளிந்தது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபோது, கலங்கிய செல்களுக்கு நடுவே நீண்ட இழைகள் குறுக்கே ஓடின. ஆங்காங்கே கிளை பிரிந்து, சீரான இடைவெளியில் குறுக்குச் சுவர்களோடு இருந்தன. செலவும் நேரமும் மிகக் குறைவாகப் பிடிக்கும் சோதனை இது. பூஞ்சையா இல்லையா என்பதை அங்கேயே சொல்லிவிடும்.

அந்த இழைகள் தின்பது கெரட்டின் என்ற புரதத்தை. நம் தோலின் மேலடுக்கு, முடி, நகம் மூன்றும் கெரட்டினால் ஆனவை. மேல்தோல் செத்த அடுக்கு. அங்கே ரத்தம் ஓடுவதில்லை. எனவே உடம்பின் காவல் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். சேரும்போது நடுப்பகுதி தெளியும், பூஞ்சை வெளிப்பக்கம் நகரும். அதனால்தான் படர்தாமரை வட்டமாகப் படருகிறது. சிவந்து தடித்த விளிம்பில்தான் பூஞ்சை மும்முரமாக இருக்கும். விளிம்புக்கு அப்பால், நல்ல தோல் போலத் தெரியும் இடத்திலும் இழைகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். களிம்பு போடும் முறையே இந்த உண்மையிலிருந்துதான் வருகிறது; அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு சிக்கல், பூஞ்சை நமக்குக் கொஞ்சம் உறவுக்காரன். பாக்டீரியாவை விட அதன் செல் நம் செல்லுக்கு நெருக்கமானது. அதைக் கொல்லும் விஷம் நம்மையும் தொடும். ஆகவே நம்மிடம் இல்லாத ஏதோ ஒன்று அதனிடம் இருக்க வேண்டும். அப்படி ஒன்று இருந்தது. நம் செல்லின் சவ்வில் கொலஸ்டிரால் இருக்கும் இடத்தில் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டிரால் என்ற வேறொரு கொழுப்பு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் வந்த பூஞ்சை மருந்துகளில் பெரும்பாலானவை இந்த எர்கோஸ்டிராலைத்தான் குறிவைத்தன.

1950-இல் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த எலிசபெத் லீ ஹேசன், ரேச்சல் ஃபுல்லர் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் நிஸ்டாட்டினைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். ஒருவர் நியூயார்க் நகரத்தில், இன்னொருவர் ஆல்பனியில். மண் மாதிரிகளிலிருந்து எடுத்ததைத் தபாலில் அனுப்பிக்கொண்டே நடத்திய ஆராய்ச்சி அது. வர்ஜீனியாவில் ஒரு பால்பண்ணை மண்ணில் அந்த மருந்தைச் சுரக்கும் நுண்ணுயிர் கிடைத்தது. ராயல்டியாக வந்த பணத்தை அவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். நிஸ்டாட்டின் கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சையைக் கொல்லும். படர்தாமரையின் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. 'பூஞ்சைக் களிம்பு' என்று கேட்டு வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எல்லாப் பூஞ்சைக்கும் ஒரே களிம்பு பொருந்துவதில்லை.

1939-இல் லண்டனில் பெனிசிலியம் இனத்துப் பூஞ்சை ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த கிரிசியோஃபல்வின், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மனிதருக்குப் பயன்படாமல் கிடந்தது. 1958-இல் கினிப் பன்றிகளுக்கு அதை வாய்வழியாகக் கொடுத்துப் படர்தாமரையைக் குணப்படுத்திக் காட்டியவர் ஜே. சி. ஜென்டில்ஸ். அதன் பிறகுதான் அது மாத்திரையானது. 1960-களின் பிற்பகுதியில் பெல்ஜியத்தின் ஜான்சன் நிறுவனம் மைக்கனசோலையும், ஜெர்மனியின் பேயர் நிறுவனம் குளோட்ரிமசோலையும் உருவாக்கின. குளோட்ரிமசோல் 1973-இல் களிம்பாகக் கடைக்கு வந்தது. படர்தாமரை, தேமல், கேண்டிடா மூன்றுக்கும் கேட்கும் மருந்து அது. இன்றைக்கும் வீட்டில் ஒரு களிம்புதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

இந்த வரிசையில்தான் வியன்னா வருகிறது. சான்டோஸ் என்ற சுவிஸ் மருந்து நிறுவனத்துக்கு அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1970-களின் நடுவில், மூளை நரம்புகளில் வேலை செய்யும் மருந்துகளைத் தேடி அந்த நிறுவனத்தின் வேதியியலாளர்கள் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வினையில் எதிர்பாராத பொருள் ஒன்று விளைந்தது. மூளைக்கு அது உதவவில்லை. ஆனால் வழக்கமான சோதனைகளுக்கு அனுப்பியபோது பூஞ்சையைக் கொன்றது. நாஃப்டிஃபின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதுவரை இருந்த எந்தப் பூஞ்சை மருந்தின் சாயலும் அதில் இல்லை.

அன்டன் ஷ்ட்யூட்ஸ் முதலான வியன்னா ஆராய்ச்சியாளர்கள் அந்த மூலக்கூறை விடவில்லை. ஒரு பக்கத்தை மாற்றிப் பார்ப்பது, ஒரு வளையத்தை எடுத்துவிட்டு வேறு கிளையை ஒட்டுவது என்று பல வடிவங்களைச் செய்து சோதித்தார்கள். அப்படிச் செய்ததில் ஒன்று முன்னதைவிடப் பல மடங்கு வீரியமாக இருந்தது. அதுதான் டெர்பினாஃபின். அது வேலை செய்யும் விதத்தை 1984-இல் பெட்ரானி, ரைடர், ஷ்ட்யூட்ஸ் மூவரும் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். ஸ்குவாலீன் என்ற எண்ணெய்ப் பொருளிலிருந்துதான் பூஞ்சை படிப்படியாக எர்கோஸ்டிராலைச் செய்கிறது. அதன் தொடக்கப் படியிலேயே ஒரு நொதியை டெர்பினாஃபின் முடக்குகிறது. விளைவு இரண்டு. சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டிரால் கிடைப்பதில்லை. செலவாகாத ஸ்குவாலீன் செல்லுக்குள் குவிந்து நஞ்சாகிறது. குளோட்ரிமசோல் வகை மருந்துகள் பெரும்பாலும் பூஞ்சையை வளரவிடாமல் நிறுத்தும். டெர்பினாஃபின் கொன்றே விடும். நம் உடம்பிலும் அதே நொதி உண்டு, ஆனால் இந்த மருந்துக்கு அது எளிதில் மசிவதில்லை. மேல்தோலில் ஊறி, போடுவதை நிறுத்திய பிறகும் சில நாள் அங்கேயே தங்கும் குணமும் அதற்கு இருந்தது.

1990-களின் தொடக்கத்தில் அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. படர்தாமரைக்கு ஒன்றிரண்டு வாரம் களிம்பு போட்டால் போதும் என்ற நிலை அதுவரை யாரும் காணாதது. நகச் சொத்தைக்கு மாத்திரையாக வந்தபோது மருத்துவர்களுக்கு அதன் மேல் நம்பிக்கை இன்னும் கூடியது.

இந்தியாவில் அப்போது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் நடப்பில் இருந்தது. மருந்து என்ற பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய நம் நிறுவனங்களால் முடிந்தது. வெளிநாட்டில் விலை உயர்ந்த மருந்து இங்கே சாதாரண மக்களின் கைக்கு எட்டியது. அதை நான் குறையாகவே சொல்ல மாட்டேன். வெயிலில் வேலை செய்து, வியர்வையோடு பேருந்தில் நின்று, ஈரத் துணியோடு வீடு திரும்பும் கோடிக்கணக்கான உடம்புகளுக்கு அந்தக் களிம்பு தேவைப்பட்டது. வினை வேறு இடத்திலிருந்து வந்தது.

எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் ஒரு மாலை நேரம். கட்டட வேலைக்குப் போகும் வயசுப் பையன், வேலை முடிந்து நேரே வந்திருந்தான்.

"அண்ணே, அரிப்புக்கு நல்ல ஆயின்ட்மென்டா ஒண்ணு குடுங்க."

"படர்தாமரையா?"

"ஆமாண்ணே, இடுப்பு பூரா. ராத்திரி தூங்கவே முடியல."

"இதப் போடு தம்பி. ரெண்டே நாள்ல அடங்கிரும்."

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. இரண்டு நாளில் அடங்கத்தான் செய்யும். அவர் கொடுத்த ட்யூபில் டெர்பினாஃபின் இருந்தது. கூடவே பாக்டீரியாவுக்கு ஆஃப்ளாக்சசின், ஒட்டுண்ணிக்கு ஆர்னிடசோல், இவற்றுக்கெல்லாம் மேலாகக் குளோபெட்டசால். இந்தக் கடைசிப் பெயர்தான் இந்தக் கதையின் திருப்பம்.

குளோபெட்டசால் ஒரு ஸ்டீராய்டு. தோலுக்குப் போடும் ஸ்டீராய்டுகளில் மிக வீரியமான வகையைச் சேர்ந்தது. ஹைட்ரோகார்டிசோன் களிம்பு 1952-இல் தோல் நோய்களுக்குப் பயன்படத் தொடங்கிய நாளிலிருந்து ஸ்டீராய்டு களிம்புகள் கரப்பான், காளாஞ்சகப்படை போன்ற நோய்களில் எத்தனையோ பேரின் துன்பத்தைத் தீர்த்திருக்கின்றன. மருத்துவர் அளவறிந்து கொடுத்தால் அவை நல்ல மருந்துகள். ஆனால் அவை செய்வது உடம்பின் எதிர்வினையை அடக்குவது. சிவப்பு, தடிப்பு, அரிப்பு எல்லாம் உடம்பு பூஞ்சையை எதிர்த்து நிற்பதன் அடையாளங்கள். ஸ்டீராய்டு அவற்றை அடக்கிவிடும். பூஞ்சையை ஒன்றும் செய்யாது. வீட்டுக்குள் திருடன் இருக்கும்போது குரைக்கிற நாயின் வாயைக் கட்டுவது போன்ற காரியம் அது. அரிப்பு நின்ற மூன்றாம் நாளே பையன் களிம்பை நிறுத்திவிடுவான். பூஞ்சை சாகாமல் அங்கேயே இருக்கும். பத்து நாளில் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும். அவன் மறுபடியும் அதே ட்யூபை வாங்குவான்.

இப்படி மாதக்கணக்கில் போனால் வட்டமே வட்டமாக இருக்காது. விளிம்பு கலைந்து, நடுவே கருத்து, பல வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக உருமாறும். பார்த்ததும் பூஞ்சை என்று சொல்ல முடியாத இந்த நிலையை ஐவ், மார்க்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1968-லேயே எழுதி, அதற்கு 'டினியா இன்காக்னிட்டோ' என்று பெயரிட்டார்கள். மாறுவேடம் போட்ட படர்தாமரை. தொடை இடுக்கிலும் அக்குளிலும் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழும். அவை பிறகு மறைவதில்லை. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளின் தொடையில் அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. இரண்டு நாள் நிம்மதிக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

சட்டம் சும்மா இருக்கவில்லை, ஆனால் மெதுவாக நடந்தது. மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்துகளுக்கான அட்டவணை எச்-இல் ஸ்டீராய்டுகள் இருந்தாலும், தோலில் பூசும் வடிவத்துக்கு விலக்கு இருந்தது. தோல் மருத்துவர்களின் அகில இந்திய சங்கம் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் பேசியது, நீதிமன்றத்துக்கும் போனது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை அந்த அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அதற்கு முன்பே 2016-இல், மருத்துவ நியாயம் இல்லாத 344 கலவை மருந்துகளை அரசு தடை செய்தது. இதுபோன்ற தோல் களிம்புகளும் அவற்றில் இருந்தன. நிறுவனங்கள் வழக்குப் போட்டன, தடை ரத்தானது, உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 செப்டம்பரில் 328 கலவைகள் மீண்டும் தடையாயின. சட்டத்தில் வரி இருக்கிறது. கடை மேசையில் அந்த வரி எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பதைச் சீட்டில்லாமல் ஒருமுறை கேட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இதற்கிடையே பூஞ்சையே மாறிக்கொண்டிருந்தது. 2014-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாடெங்கும் தோல் மருத்துவர்கள் ஒரே மாதிரிப் பேசத் தொடங்கினார்கள். முன்பு இரண்டு வாரத்தில் போன படர்தாமரை இப்போது போவதில்லை; இடுப்பிலிருந்து முதுகுக்கும் முகத்துக்கும் ஏறுகிறது; வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வருகிறது. 2018-இல் சண்டிகர், டெல்லி ஆய்வகங்களிலிருந்து வந்த கட்டுரைகள் காரணத்தைக் காட்டின. டெர்பினாஃபின் எந்த நொதியை முடக்குகிறதோ அந்த நொதியின் மரபணுவிலேயே பிறழ்வு ஏற்பட்டிருந்தது. உதாரணமாக, நொதியில் 397-ஆவது இடத்தில் ஃபினைல்அலனின் இருக்க வேண்டிய இடத்தில் லியூசின். ஒரே ஓர் இடத்து மாற்றம். மருந்து ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டவில்லை. வியன்னாவில் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய மூலக்கூறு அந்தப் பூஞ்சையின் முன் கையறு நிலையில் நின்றது.

ஜப்பானில் சிகிச்சைக்கு வந்த இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்த பூஞ்சையை ஆராய்ந்து, 2020-இல் அங்குள்ள விஞ்ஞானிகள் அதைத் தனி இனமாக அறிவித்தார்கள். 'டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே' என்று பெயர். நம் நாட்டின் பெயர் அதில் இருக்கிறது. அளவு குறைந்த, பாதியில் நிறுத்திய, ஸ்டீராய்டு கலந்த களிம்புகளின் பெருக்கமே அது இங்கே தழைக்க முக்கியக் காரணம் என்று தோல் மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். இறுக்கமான உடை, வெப்பம், நெருக்கடியான வீடுகள் எல்லாம் அதற்குத் துணை போயின.

2023 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த இரண்டு பெண்களைப் பற்றி எழுதியது. அந்த நாட்டில் இந்தப் பூஞ்சை பதிவானது அதுவே முதல் முறை. ஒருவர் வங்கதேசத்துக்குப் போயிருந்தபோது நோய் தொற்றியவர். அங்கே அவருக்குப் பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த களிம்புகள் கொடுத்திருந்தார்கள். ஊர் திரும்பிய பிறகு ஸ்டீராய்டு களிம்பு, குளோட்ரிமசோல், டெர்பினாஃபின் களிம்பு, டெர்பினாஃபின் மாத்திரை என்று எதற்கும் கேட்கவில்லை. கடைசியில் பழைய கிரிசியோஃபல்வின்தான் பெருமளவு குணம் கொடுத்தது. இன்னொரு பெண்ணுக்குக் கர்ப்பிணியாக இருந்தபோது நோய் வந்தது. அண்மையில் வெளிநாடு எதற்கும் அவர் போயிருக்கவில்லை. டெர்பினாஃபின் மாத்திரை கேட்காமல், இட்ரகோனசோலில் குணமானார். வெளிநாடு போகாமலே அவருக்கு வந்தது என்பதுதான் கவலைக்குரியது. பூஞ்சை அதற்குள் அந்த ஊரிலேயே கைமாறத் தொடங்கியிருக்கலாம்.

இனி நம் கையில் இருக்கும் ட்யூபுக்கு வருவோம். வாங்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். மருந்தின் பெயர் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும்: குளோட்ரிமசோல், மைக்கனசோல், டெர்பினாஃபின், லூலிகோனசோல், இப்படி ஏதாவது ஒன்று. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினலோன் என்ற பெயர் கூட இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குளோட்ரிமசோலும் குளோபெட்டசாலும் காதுக்கு ஒரே மாதிரிக் கேட்கும்; ஒன்று பூஞ்சையைத் தடுக்கும், மற்றது வளர்த்துவிடும். சந்தேகம் வந்தால் "இதுல ஸ்டீராய்டு இருக்காண்ணே?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல மருந்தாளுநர் ஒளிக்க மாட்டார்.

போடும் முன் அந்த இடத்தைக் கழுவி, தண்ணீர் ஒற்றியெடுத்து, நன்றாகக் காயவிட வேண்டும். தொடை இடுக்கு, அக்குள், மார்புக்கு அடிப்பக்கம், கால் விரலிடை போன்ற மடிப்புகளில் ஈரம் நின்றால் களிம்பு பாதி வேலைதான் செய்யும். வட்டத்தோடு நிறுத்தாமல் அதைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலிலும் தடவுங்கள். விளிம்புக்கு வெளியே ஓடும் இழைகளுக்காகத்தான் அது. மெல்லிய படலமாகப் போதும். வெண்ணெய்போல அப்புவதால் பலன் கூடாது, மடிப்பில் ஊறித் தோல் வெந்துபோகும். தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இல்லையென்றால் அதே விரல் முகத்துக்கும் குழந்தைக்கும் போகும். முதல் நாள்களில் லேசான எரிச்சல் இருக்கலாம். கொப்புளம், வீக்கம், தாங்க முடியாத எரிச்சல் என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். கண், வாய், பிறப்புறுப்பின் உட்பகுதி ஆகியவற்றில் தோலுக்கான களிம்பைப் போடக் கூடாது.

அளவு பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டால் ஓர் உண்மை தெரியவரும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். பெரியவர் ஒருவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு, விரல்களையும் சேர்த்து, அது போதும். இரண்டு உள்ளங்கை அளவு படர்தாமரைக்கு நாளுக்கு இரண்டு வேளை போட்டால் ஒரு கிராம் செலவாகும். பத்து கிராம் ட்யூப் பத்து நாளில் தீர்ந்துவிடும். நம் ஊரின் இப்போதைய பூஞ்சைக்குப் பல மருத்துவர்கள் நான்கு முதல் ஆறு வாரம் சொல்கிறார்கள். தடம் மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடரச் சொல்கிறார்கள். அதாவது மூன்று முதல் ஐந்து ட்யூப் வரை வேண்டும். பெரும்பாலானவர்கள் வாங்குவது ஒன்று. அந்த ஒன்று தீருமுன்பே அரிப்பு நின்றுவிடுவதால் மிச்சத்தை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். மருத்துவர் சொன்ன நாள் முடியும் வரை தடவுவதுதான் முழுச் சிகிச்சை. அரிப்பு நின்ற நாளை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

களிம்பு எட்டாத இடங்களும் உண்டு. தலையில் வந்த படர்தாமரையில் பூஞ்சை முடியின் வேருக்குள் இறங்கியிருக்கும். குழந்தைகளுக்குத்தான் அதிகம் வரும். அதற்கு மாத்திரை வேண்டும். நகச் சொத்தையும் அப்படியே, மாதக்கணக்கில் சிகிச்சை பிடிக்கும். உடம்பில் பரவலாக இருந்தாலும், முகத்தில் வந்தாலும், இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் போட்டும் குறையாவிட்டாலும் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதான். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், சின்னக் குழந்தைக்கு மருந்து தேடுகிறவர்களும் கேட்டுவிட்டே வாங்க வேண்டும். அடிக்கடி திரும்பி வந்தால் ஒருமுறை சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். பூஞ்சை மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கலாம், மற்ற மருந்துகளோடு மோதலாம். கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் பொருள் அல்ல அவை. ஏற்கெனவே ஸ்டீராய்டு கலந்த களிம்பை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள், குறிப்பாக முகத்தில் போட்டவர்கள், மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நிறுத்தும்போது சிவந்து எரியும், அதற்கு அவர் துணை வேண்டும். பழைய ட்யூபைக் கையோடு எடுத்துப் போங்கள். திட்டுவார்களோ என்று தயங்க வேண்டாம்.

துணிகள் பற்றிச் சொல்லாமல் களிம்பைப் பற்றிப் பேச முடியாது. பூஞ்சையின் வித்துகள் துணியிலும் துண்டிலும் நீண்ட நாள் உயிரோடிருக்கும். நோய் இருப்பவரின் உள்ளாடை, லுங்கி, துண்டு, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் தனியாக வெந்நீரில் துவைத்து, உட்புறத்தை வெளியே திருப்பி, நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். உள்ளாடையின் தையல் ஓரங்களை இஸ்திரி போடுவது இன்னும் நல்லது. காயாத ஜீன்ஸை மறுநாளும் போடுவது பூஞ்சைக்கு விருந்து. வீட்டுக்கு ஒரே துண்டு என்ற பழக்கத்தை இந்த நோய்க்காகவாவது விட வேண்டும்.

பலரும் மறக்கும் ஒன்று அரைஞாண் கயிறு. வியர்வையில் நனைந்து, குளித்த ஈரத்தோடு இடுப்பிலேயே கிடக்கும் கயிறு பூஞ்சைக்கு நல்ல இருப்பிடம். கயிற்றின் வழியே வரிசையாகப் படர்தாமரை வந்திருப்பதைத் தோல் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். குணமாகும் வரை கழற்றி வைத்துவிட்டு, பிறகு புதுக் கயிறு கட்டிக்கொள்ளலாம். கழற்ற மனமில்லாதவர்கள் வெள்ளிக்கு மாறிக்கொண்டு, தினமும் துடைத்து உலர வைக்கலாம். எந்தச் சாமியும் இதற்குக் கோபிக்காது.

வங்கதேசம் போய் வந்த அந்த நியூயார்க் பெண்ணின் கணவருக்கும் மகனுக்கும் அதே தடிப்பு இருந்தது. நம் வீடுகளிலும் அதுதான் நடக்கிறது. அம்மாவுக்குச் சிகிச்சை முடியும் நேரத்தில் பிள்ளைக்குத் தொடங்கும். பிள்ளைக்குப் போகும்போது அப்பாவுக்கு இருக்கும். யாருக்கும் முழுசாகப் போகாது. ஆகவே அரிப்பு உள்ளவர்கள் எல்லோரும் ஒரே நாளில் மருத்துவரைப் பார்த்து, ஒரே காலத்தில் சிகிச்சை எடுப்பதுதான் சரி. வெட்கத்தால் சொல்லாமல் இருக்கும் வயதுப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது பெரியவர்களின் வேலை. பக்கத்து வீட்டு அக்கா "எனக்கு இதுல போச்சு" என்று பாதி ட்யூபைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்; உங்கள் மிச்சத்தையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். வெளியூரில் வேலை பார்க்கும் தம்பிக்கு ஊரிலிருந்து மருந்து அனுப்புகிறவர்கள், பெட்டியில் ஒற்றைப் பெயர் இருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா என்று பார்த்து, எத்தனை வாரம் போட வேண்டும் என்பதையும் தமிழில் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள்.